இரண்டு அங்குலம்

கால் எட்டவில்லை.
எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

உருக்காலையில் அப்ரண்டிஸ் முடித்த வருஷம்.
ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டர் ஃபிலோமன்
காப்பி உலர்த்தும் களத்தின் ஓரம்
தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த எஸ்டி.
ஏழாயிரத்து ஐநூறு.
எண்ணி வாங்கிக்கொண்டு,
"ஓட்டிட்டுப் போறவர் எங்கம்மா?" என்றார்.
சாவிக்குக் கை நீட்டினேன்.

உதைத்து எழுப்பிய அதே கம்பியை
உள்ளே தள்ளி மடக்கினால் கியர்.
ஒரே கம்பிக்கு இரண்டு வேலை.
எனக்கு அந்த வண்டி பிடித்துப்போனது அங்கேதான்.

இருபதாவது கொண்டை ஊசி வளைவிலிருந்து
தலைகீழாக எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
நின்றால் சாய்வேன் என்று தெரியும்,
அதனால் நிற்கவில்லை.
பதினான்காவதில் கவர்மெண்ட் பஸ் ஏறி வந்தது.
இடது கால் பெருவிரல் நுனியில்
நூற்று நாற்பது கிலோ இரும்பும் நானும்
ஒரு மூச்சு நேரம்.
டிரைவர் திட்ட வாயைத் திறந்தவர்
ஜடையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.
அடிவாரம் வந்தபோது
பிரேக் டிரம்மில் கருகிய வாடை.

அன்று ராத்திரியே சீட்டைக் கழற்றினேன்.
அம்மா அருவாமனையில் கத்தரிக்காய் அரிந்து எழுந்ததும்
அதே அருவாமனையில்
ஸ்பான்ஜை வைத்து இரண்டு அங்குலம் சீவினேன்.

அதோடு விட்டிருக்கலாம்.
குகையில் ஷேக் தாவூத் பட்டறைக்குப் போய்
ஹேண்டிலை என் கைப்பக்கம் வளைத்தோம்,
பின் மட்கார்டைப் பாதியாய் அறுத்தோம்,
பிரேக் பெடலுக்கு ஒட்டுத்துண்டு, ஓர் அங்குலம்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மெருகிடும் துளசிராம்
இஞ்சின் மூடியை வாங்கி
பூந்திக்கொட்டைத் தண்ணீர் விட்டு
பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துத் தந்து,
"இனி இது கொலுசு போட்ட வண்டி" என்றார்.
சத்தம் என்னவோ கொலுசு மாதிரி இல்லை.
கோரிமேட்டில் உதைத்தால்
அஸ்தம்பட்டியில் நாய்கள் எழுந்து நிற்கும்.

சீட்டுத் தகட்டின் அடியில்
ஆணியால் கீறினேன்: பூ.
பூங்காவனம் என்று முழுதும் கீற
தகட்டில் இடமிருந்தது, எனக்குத்தான் பொறுமையில்லை.

பிறகு விற்றேன்.
காரணத்தை இப்போது சொன்னால்
சின்னதாகத் தெரியும்.

போன மாதம் வந்தது,
கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம் என் ஷெட்டுக்கு,
குட்டி லாரியில், கயிறு கட்டி.
கூட வந்த பையன் ஆறடி.
பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.
"கம்பெனிலேர்ந்து இறங்கின மாதிரி வேணும்க்கா.
எவனோ கண்டபடி வெட்டி வச்சிருக்கான்."
ஆமாம் என்றேன்.
"அடியில பூன்னு வேற எழுதியிருக்கு,
என்ன பூன்னு எழுதலை பாருங்க."
சிரித்தான். நானும் சிரித்தேன்.

டேங்கைத் தேய்க்கத் தேய்க்க
யாரோ அடித்த கறுப்பு,
அதன் கீழே வேறு யாரோ அடித்த பச்சை,
அதன் கீழே என் மஞ்சள்.
உப்புத்தாளை வைத்துவிட்டு
வெளியே போய் டீ குடித்தேன்.
திரும்பி வந்து தேய்த்தேன்.
கீழே ஃபிலோமனின் மெரூன்
அப்படியே இருந்தது.

ஹேண்டில் நிமிர்ந்தது.
மட்கார்டு முழுசானது.
புது ஸ்பான்ஜ், புது ரெக்சின்,
கம்பெனி அளவு.
எல்லோரும் சாப்பிடப் போன நேரம்
ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.
எட்டவில்லை.

பிரேக் பெடலின் ஒட்டுத்துண்டை மட்டும்
அறுக்காமல் விட்டுவிட்டேன்.
கேட்டால் மறந்துபோச்சு என்று சொல்லலாம்.
பையன் கேட்கவில்லை. பணத்தை அனுப்பிவிட்டு
ஒரே உதையில் கிளப்பினான்,
எங்கே போகிறாய் என்றேன்.
"மேலதான்க்கா, ஏற்காடு."

பதினான்காவதில்
பஸ் இப்போதும் வரும்.