கரையும் நூல்

எத்தனை தையல் என்று கேட்டேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே டாக்டர்
"எண்ணிப் போடறதில்லம்மா" என்றார்.

நான் எண்ணித்தான் போடுவேன்.
கோத்தகிரி மார்க்கெட்டில்
ஒரு மாடிப்படிக்கு அடியில் என் மெஷின்.
ஜாக்கெட்டுக்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு.
பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு எட்டு போதும்,
தொடை இடுக்கில் மட்டும் இரட்டைத் தையல்.
பிள்ளைகள் குதிப்பார்கள்.

குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஜீப்பில்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வந்தேன்.
கட்டபெட்டுக்கு முன்னால் மண் சரிந்த இடம்.
கம்பிவலைக்குள் கல்லை அடுக்கி
மலையை மூடிக்கொண்டிருந்தார்கள்.
"பாத்து, மெதுவா" என்றார் தர்மசீலன்.
குழந்தைக்காகச் சொன்னார்.
ஒவ்வொரு பள்ளத்தையும் நான் எண்ணினேன்.

நவம்பர்க் குளிரில்
அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்
பேசினுக்கு வருவதற்குள் பாதி ஆறிவிடுகிறது.
உப்புப் போட்டு உட்கார்கிறேன்.
வெயில் வந்து பதினோரு நாள்.
அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்
அவள் துணிக்கும் என் துணிக்கும்
ஒரே புகைவாசம்.
கக்கூசில் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.
பெற்றபோதுகூட
இத்தனை பயப்படவில்லை.

பத்தாம் நாள்
பவுடர் டப்பாவின் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.
இழுத்துப் போட்ட தையல்.
ஓரம் சேரவில்லை, ஒரு முனையில் சுருக்கம்.
என் கைக்கு வந்திருந்தால்
பிரித்து மறுபடி அடித்திருப்பேன்.
ராத்திரி மூன்று மணிக்கு
எத்தனையாவது பிரசவமோ அவருக்கு,
கொட்டாவியை அடக்கிக்கொண்டு போட்டது.
அதையும் நினைத்துக்கொண்டேன்.
நினைத்தும் கோபம் குறையவில்லை.

நூல் தானாகக் கரைந்துவிடுமாம்.
கரைகிற நூலில் நான் தைத்தால்
ஊரே கடைக்கு வந்து நிற்கும்.

தையல் என்றால் பெண் என்று
ஒன்பதாம் வகுப்பில் அருஞ்சொற்பொருள் எழுதினேன்.
ஐந்து மதிப்பெண்.
கிழித்துத் தைத்த பிறகா, அதற்கு முன்னாலா
என்று கேட்கத் தோன்றவில்லை அன்றைக்கு.

முப்பதாம் நாள் ரேஷன் கடை வரிசையில் தும்மினேன்.
சத்தம் இரண்டு இடத்திலிருந்து வந்தது.
எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள்
திடீரென்று மூடுபனியை ரசித்தார்கள்.
வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.
"சர்க்கரை எங்கே?"
"ஸ்டாக் இல்லியாம்."

ஒன்றரை மாத ஊசிக்குப் போன புதன்கிழமை
நர்ஸ் கேட்ட கேள்வியெல்லாம்
என் தோளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.
பால் குடிக்கிறாளா? எடை ஏறுகிறதா?
தூங்குகிறாளா?
தூங்குகிறாள், நான்தான் இல்லை என்றேன்.
எழுதுவதற்கு அந்தக் கார்டில் கட்டம் இல்லை.

அப்போது உள்ளே வந்தாள் அரவேனுக்காரி ஒருத்தி.
கம்பளிக்குள் குழந்தை.
பெஞ்சைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.
பிறகு இடது தொடையில் மட்டும் பாரம் கொடுத்து
ஓடும் பஸ்ஸில் முட்டைத் தட்டை வைப்பதுபோல்
தன்னைத் தானே
இறக்கி வைத்தாள்.

எனக்குத் தெரியும் அந்த உட்காரல்.

என் அடியிலிருந்த திண்டை உருவினேன்.
காற்சட்டைத் துணியின் மிச்சத்தில் தைத்தது,
பஞ்சடைத்து, வட்டமாய், நடுவில் ஓட்டை.
அவள் பக்கம் தள்ளினேன்.
கொஞ்ச நேரம் அது என்னவென்று புரியாமல் பார்த்தாள்.
புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது.
"எத்தனை?" என்றாள் மெல்ல.
"எண்ணலையாம்."
"எனக்கும் அதேதான் சொன்னாங்க."
சிரித்தால் வலிக்கும். இருவருக்கும் வலித்தது.

கிரிஜாமணி, கிரிஜாமணி என்று
நர்ஸ் கூப்பிட்டபோது எழுந்தாள்.
திண்டையும் எடுத்து நீட்டினாள்.
வேண்டாம், வச்சுக்கோ என்றேன்.
காக்கித் துணி,
துவைத்தால் சாயம் போகாது.