முன் அட்டை

சனிக்கிழமை, பத்து மணி.
நாளிதழ் மேசையை ஓரமாய்த் தள்ளி
நீலப் பாயை விரித்துவிட்டேன்.
பொகவந்தலாவையில் மூன்று நாளாய் ஒரே மழை.
நூலக வாசலில் பதினேழு சோடிச் செருப்பு,
சோடி சேராத இரண்டு.
ஆக, பதினெட்டுப் பிள்ளைகள்.

முயல் கதைப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து
"முதல்ல எல்லாரும்
அட்டையப் பாருங்க" என்றேன்.

பதினெட்டுப் பேரும் குனிந்து
தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

விரல் இடுக்கை விரித்துப் பார்த்தான் யதுர்ஷன்.
காற்சட்டை நுனியைச் சுருட்டினாள் ரிஸ்லா.
"எனக்கு இல்ல மிஸ்!"
"எனக்கும் இல்ல!"
"எனக்கு இருக்கு!"
பரிசு விழுந்தவன் போல எழுந்தான் டிலுக்‌ஷன்,
கணுக்காலில்
ஊறிய புளியங்கொட்டையாய் ஒன்று.

"கூடெல்லா!" என்று கத்திக்கொண்டே
கைகழுவும் தொட்டிச் சவுக்காரத்தோடு
ஓடிவந்தார் காவலாளி சோமபால.
ஒரு தடவல். விழுந்தது.
போத்தல் மூடிக்குள் சுருண்டு கிடந்ததைச் சுற்றி
பதினெட்டுத் தலைகள்.

அதன்பிறகு முயலை யார் கேட்டார்கள்?
முதல் பக்கத்தில்
ஒற்றைக் காதைத் தூக்கியபடி
அது நின்றுகொண்டே இருந்தது.

வேறு வழியில்லை.
"ஒரு ஊர்ல ஒரு அட்டை இருந்துச்சு."
"எந்த ஊரு?"
"நீங்களே சொல்லுங்க."
"பதினாலாம் நம்பர் மலை!"
"அதுக்கு என்ன பேரு?"
"மழை நாள்ல ஏது மிஸ் பேரு?
அரைப் பேருதான்."
சொன்னவனுக்கு ஆறு வயது.
எங்கே கேட்டதை எங்கே போட்டான்!
செக்றோலே அதிரும்படி சிரித்தோம்,
சிரித்துவிட்டு நான்
கொஞ்சம் இருமிக்கொண்டேன்.

அட்டை எப்படி நடக்கும்?
தலையை ஊன்றி, இடுப்பை வளைத்து,
வாலை இழுத்து, மறுபடி தலை.
பாயெல்லாம் அட்டைகள்.
பாய் போதாமல் சிமெந்துத் தரையிலும் அட்டைகள்.
வேலைவாய்ப்புப் பக்கத்தில் மூழ்கியிருந்த
ஓய்வுபெற்ற தபால்காரர்
இரண்டு காலையும் கதிரைமேல் தூக்கிக்கொண்டார்.

"அதுக்குப் பசிக்குது. யாரைக் கடிக்கலாம்?"
"கண்டக்டர!"
"தொரைய!"
"தொரைக்குச் சப்பாத்து இருக்கு. ஏறாது."
"அப்ப முயல!"
"பாவம், அதுக்கு ரத்தமே கொஞ்சந்தான்."

பாயின் விளிம்பில் இருந்தாள் ஹம்சவர்த்தனி.
அந்தச் சோடி சேராத செருப்பு அவளுடையது.
"எங்கம்மாவ வேணாம்" என்றாள்.
"நேத்தே குடிச்சிருச்சு."

தகரத்தில் மழை.
அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.
அதில் ஒரு கரட் இருந்தது.

டிலுக்‌ஷன்தான் காலை நீட்டினான்,
இன்னும் கசியும் அதே காலை.
"என்னத குடிக்கட்டும். கொஞ்சமாத்தான்.
பத்து எண்ணுவோம். அப்புறம் எறங்கிரணும்."
நியாயம் என்றார்கள் எல்லாரும்.
ஒண்ணு, ரெண்டு, மூணு,
தபால்காரரும் எண்ணினார்.
நாலு, அஞ்சு, ஆறு,
ஏழில்
"போதும்" என்றாள் ஹம்சவர்த்தனி,
சத்தம் போடாமல்.

பதினேழு அட்டைகளும்
பொத்தென்று விழுந்தன.

மூடியை உள்ளங்கையால் பொத்தி
படியிறங்கிப் போனார் சோமபால.
எங்கே விட்டார் என்று கேட்கவில்லை.
பிள்ளைகள் போனபின் பதிவேட்டைத் திறந்தேன்.
வருகை: பதினெட்டு.
பெரியவர்: ஒன்று.
வாசித்த பக்கங்கள் என்ற கட்டத்தில்
நெடுநேரம் பேனை நின்றது.
முன் அட்டை மட்டும்,
என்று எழுதிவிட்டு
மேசைக்கடியில் குனிந்து
என் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.