நடுவரிசை

மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பேர்.
நன்றாக ஆடுகிறவர்கள் சனம் பார்க்கும் பக்கம்.
சுமாரானவர்கள் பின்னால்.
ஆடவே வராதவர்களை நடுவில் ஒளித்துவைப்பார்களாம்,
இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே.
க்ளியோனிகி இதைச் சொல்லிவிட்டு
என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

சுங்க அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள் நான்.
பெயர் தொமாயிஸ். இடது முழங்கால் மடங்காது.
நடுவரிசையில் நடு ஆள்.
எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒருத்தி மேல்தான் விழுவேன்.

கவாலாத் துறைமுகத்தில்
பழைய புகையிலைக் கிடங்கின் மேல்மாடியில் ஒத்திகை.
இலைக்கட்டுகள் தொங்கிய கொக்கிகளில்
எங்கள் மழைக்கோட்டுகள்.
நாடகத்தில் நாங்கள் தோற்ற ஊரின் பெண்கள்.
எந்தக் கப்பல் யாரை ஏற்றும் என்று தெரியாமல்
கரையில் நிற்கிறோம்.

சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. மெட்டு மிஞ்சவில்லை.
குறிலும் நெடிலும் மட்டும் நிற்கின்றன
வீடு போனபின் நிற்கும் வாசற்கல் போல.

அந்தப் பாட்டுக்கு வந்தபோதுதான் வம்பு.
குறில், நெடில், நெடில், குறில், நெடில்.
பதறும் நெஞ்சுக்கு அந்தக் காலத்தார் வைத்த சீர்.
க்ளியோனிகி கைதட்டிக் காட்டினாள், மேசையைத் தட்டிக் காட்டினாள்.
பதினாலு பேரும் அதை
கல்யாண வீட்டு ஆட்டமாக ஆக்கினோம்.
பதினைந்தாவது ஆளாகிய நான் எதையும் ஆக்கவில்லை.
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஸஃபீரிஸ்
ஜாடி ஓவியம் பார்த்துச் செய்த இரட்டைக்குழல்
வாத்து மாதிரி கத்தியது.
எவாந்தியா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு இத்தோடு போதும் என்றாள் க்ளியோனிகி.
விளக்கை அணைத்தாள்.
நான் எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவேன்,
இரும்புப் படி, கைப்பிடி ஒரு பக்கம்தான்.
ஒரு சின்ன அடி. இரண்டு இழுப்பு.
ஒரு சின்ன அடி.
பிறகு கைப்பிடியைப் பற்றி ஒரு நெடிய மூச்சு.

கீழேயிருந்து குரல் வந்தது:
"அங்கேயே நில்."
பிறகு, "மறுபடி மேலே ஏறி இறங்கு."

ஏழு தடவை இறங்கவைத்தாள், பாவி.

முன்வரிசைக்கு மாற்றினார்கள் என்று சொல்ல ஆசைதான்.
மாற்றவில்லை.
ஆனால் மறுநாளிலிருந்து பதினாலு பெண்கள்
என் முழங்காலைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள்.
லெமோனியா வீட்டுக்குப் போகும்போதும் இழுத்து நடந்து
கணவனிடம் திட்டு வாங்கினாள்.
இருபது வருடமாக நான் மறைத்து மறைத்து நடந்த நடை
அவர்களுக்கு எளிதில் வரவில்லை.
எனக்கு அதில் கொஞ்சம் திமிர்.

வலம் திரும்பி ஒரு பாட்டு,
இடம் திரும்பி அதே அளவில் மறுபாட்டு.
இடம் திரும்புவதுதான் வலிக்கும்.
வலிக்கிற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள் என்றாள்,
அங்கே கவிஞனும் நிறுத்தியிருக்கிறான் என்றாள்.
நான் நம்பவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டேன்.

பிலிப்பியில் மேடையேறிய இரவு
கல்படிகள் பகல் வெயிலை இன்னும் விடவில்லை.
முதல் பாட்டிலேயே குழலின் நாணல் பிளந்தது.
ஸஃபீரிஸ் அதை எடுத்துப் பார்த்தான்,
மடியில் வைத்துக்கொண்டான்.
மிஞ்சியது முப்பது கால்கள்.
இருபத்தொன்பது மடங்கும்.

இடம் திரும்பினோம்.
எங்கள் அடியோசை படிகளின் உச்சி வரை போய்த்
திரும்பி வந்தது,
யாரோ ஆயிரம் பேர் முழங்கால் மடங்காமல்
இருட்டில் எங்களை நோக்கி இறங்குவதுபோல.
இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார்.

திங்கட்கிழமை ஒருவர் சரக்குத் தாளை நீட்டினார்.
எலுமிச்சை, நாற்பது பெட்டி.
சனிக்கிழமை நாடகம் பார்த்தேன் என்றார் பக்கத்து மேசைக்காரரிடம்,
எல்லாருக்கும் ஒரே கால் என்றார்,
எப்படித்தான் பழகினார்களோ.

முத்திரையைக் குத்தினேன்.
அடுத்த அறையில் கையெழுத்து வாங்கணும், வாருங்கள் என்று
எழுந்து அவருக்கு முன்னால் நடந்தேன்.