கத்தல் முன்னால் வருகிறது

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி
எங்கள் தெருக் கேபிளை அறுத்துப் போட்டது,
நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள்.
"நாளைக்கு வாரேன் லாத்தா" என்றான் கேபிள் இசக்கி.
அந்த நாளைக்கு இரண்டு மாசமாகிறது.
கம்பத்தில் தொங்கும் வயர்
காற்றடித்தால் ஜன்னல் கம்பியைத் தட்டி
சந்தா மட்டும் கேட்கிறது.

எனக்குக் கணக்கு பீடியில்தான் வரும்.
மேலப்பாளையத்தில் பிறந்த கை,
எந்த விலையையும் ஆயிரத்தால் வகுத்துவிடும்.
கேபிள், மாசம் ஆயிரத்து நூறு பீடி.
போனுக்கு மட்டும் என்றொரு திட்டம்,
மூணு மாசத்துக்கு அறுநூறு;
மலிவுதான்,
கட்டைவிரல் நகத்துக்குள் பதினோரு பேர் ஓடுவார்கள்.
டிவியிலும் தெரியவேண்டும் என்றால்
வருசம் நாலாயிரத்துச் சொச்சம், மொத்தமாக, முன்பணமாக.
ரீசார்ஜோடு ஓசி என்று இன்னொன்று.
பிரித்துப் பார்த்தேன்,
உள்ளே முந்நூற்றைம்பது பீடி ஒளிந்திருந்தது.

மாடியில் சின்னக் குடை மாட்டினால்
மாசாமாசம் செலவே இல்லை என்றாள் மீராள்.
ஆனால் அதில் இந்தியா ஆடினால்தான் ஆட்டம்.
சென்னை ஆடும் ராத்திரிகளில்
வாழைக்கு எப்போது உரம் வைப்பது என்று
கண்ணாடி போட்ட ஒருத்தர் சொல்லிக்கொண்டிருப்பார்.

நாத்தனார் மகன் ஷார்ஜாவிலிருந்து
தன் கடவுச்சொல்லைத் தந்தான், நல்ல பிள்ளை.
ஓடிபி அவன் போனுக்குப் போகும்.
அவன் கிரேன் மேல் இருப்பான்.
ஆறு ஓவர் கழித்து நாலு எண் வரும்,
காலாவதியாகி.

சந்தை முக்கு டீக்கடையில்
இரண்டு டீக்கு நாலு மணி நேரம், பெரிய திரை.
எங்கள் வீட்டுக்காரர் அந்தத் திட்டத்தில் இருக்கிறார்.
அதில் பெண்கள் சேர்க்கை இல்லை.

அறுநூறு பீடியையே எடுத்தேன்.
தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து
மீராளும் நானும் ஜெய்லானி லாத்தாவும்
மடியில் சுளகோடு உட்காருவோம்.
முதல் பத்து ஓவர் மீராள் டேட்டா,
அடுத்த பத்து என்னுடையது.
விளம்பரம் பளிங்கு போல வரும்.
ஆட்டம் வந்ததும் பனி மூடிக்கொள்ளும்.
ஆட்கள் ஓடும் திசையைப் பார்த்து
பந்தை நாங்களாக ஓரிடத்தில் வைத்துக்கொள்வோம்.

எல்லாம் சரி, இந்த நாற்பது நொடிதான்.
கேபிள் அறுபடாத குறிச்சிப் பக்கம் முதலில் கத்தும்.
பிறகு மாடிவீட்டு டிஷ்.
பிறகு டீக்கடை.
எங்கள் போனில் பவுலர் அப்போதும்
பந்தைத் துடைத்துக்கொண்டே நிற்பான்.
ஒரு பீடி சுற்றி நூல் கட்டுகிற நேரம்
நாங்கள் உலகத்துக்குப் பிந்தி இருந்தோம்.

ஃபைனல். கடைசிப் பந்து, நாலு ரன் வேண்டும்.
மேற்கே இருந்து வந்தது கத்தல்.
ஃபோரா, அவுட்டா? கத்தலில் எழுதியிருக்கவில்லை.
இந்த ஊரில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு.
"யாரும் பேசப்படாது" என்றாள் மீராள்,
யாரும் பேசாதபோதே.

அப்போது படாரென்று கதவு.
டீக்கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறார் மனுசர்,
லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு,
வாய் நிறைய முடிவோடு.
"வாயத் தொறந்தியளோ சோறு கிடையாது பாத்துக்கிடுங்க!"

நின்றுவிட்டார்.
இருபத்தாறு வருசமாகப் பார்க்கிற முகம்,
அதில் ஒரு பொய்கூடப் பத்து நொடி தங்காது.
அவருக்கும் அது தெரியும்.
மெல்லத் திரும்பி
சுவர்க் காலண்டரைப் பார்த்து நின்றுகொண்டார்.

முதுகு சொல்லிவிட்டது.

இருந்தாலும் பார்த்தேன்.
பவுலர் ஓடி வந்தான்,
பந்து எங்கோ போனது,
நகத்துக்குள் பதினோரு பேரும் ஒரே திசைக்கு ஓடினார்கள்.
ஜெய்லானி லாத்தா அழுதாள்,
எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் பீடிக்கடையில்
தளர்ச்சி என்று பதினேழைக் கழித்துப் போட்டார்கள்.
எந்த ஓவரில் சுற்றியவை என்று எனக்குத் தெரியும்.
அறுநூற்றுப் பதினேழு என்று
சந்தாவைத் திருத்தி வைத்துக்கொண்டேன்.