யானை ரயிலுக்கு முன்னால்

பல்லடத்துக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே
ஒரு தண்ணீர்ப் பூங்கா.
விடிகாலை ஐந்தரை. ராட்டினத்துக்கு இன்னும் தார்ப்பாய் எடுக்கவில்லை.
உள்ளுக்குள்ளேயே நான்கு சுற்று ஓடினால் அரை மாரத்தான்.
முடித்தால் பதக்கம், வெண்பொங்கல்,
சாயங்காலம் வரை சறுக்கு இலவசம்.

பனியன் கொடுத்தார்கள்.
வாங்கிய கையோடு தோள் தையலை இழுத்துப் பார்த்தேன்;
பத்தொன்பது வருடச் செக்கிங், விரல் சும்மா இருக்காது.
எங்கள் கம்பெனிச் சரக்கு.
போன தை மாதம் நானே தள்ளிய லாட்டு:
இடது கை அரை இஞ்ச் குட்டை.
ஜெர்மனிக்குப் போகாமல் சுற்றி வந்து
என் மேலேயே ஏறிக்கொண்டது.

"கண்டுக்காதீங்கக்கா, ஓட ஓடக் கை நீண்டுக்கும்"
என்றாள் அயர்ன் செக்‌ஷன் கோகிலவாணி.

முதல் சுற்றில் எல்லோரும் படம் எடுத்தார்கள்.
டைனோசரின் வாயில் புகுந்து வால்வழியே வெளியேறினோம்.
அலைக்குளம் வற்றிக் கிடந்தது.
ஒரு பையன் நீல நிறத் தரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தான்,
கடலுக்கே கறை பிடித்த மாதிரி.
கரடி வேஷக்காரர்
தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தார்.

இரண்டாவதில் மேற்கே திரும்பியதும்
ஆடிக் காற்று.
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக என் நெஞ்சுக்கு.
காற்றாலைக்கு அது கூலி,
எனக்குக் கடன்.

சுகர் டாக்டர் நடக்கத்தான் சொன்னார்.
நடந்தால் தெருவுக்கு நாலு பேர் நிறுத்திப் பேசுகிறார்கள்,
மகளுக்கு வரன் அமைந்ததா, கறவை மாடு என்ன விலை.
ஓடினால்
விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவதில் கோகிலவாணியைக் காணோம்.
பின்னால் மணிச்சத்தம்.
திரும்பினால் யானை.
தண்டவாளம் இல்லாத குழந்தைகள் ரயில்,
எஞ்சினுக்கு யானை முகம், தும்பிக்கை நுனியில் ஒரு பல்பு.
மூன்று மணி நேரத்தில் முடிக்காதவர்களை
அள்ளிப்போக வந்திருக்கிறது.
இரண்டாம் பெட்டியில் செருப்பைக் கழற்றிப்போட்டு
ஆரஞ்சு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள் கோகிலவாணி.

"ஏறிக்கங் அம்மிணி, டிக்கெட் கேக்க மாட்டனுங்"
என்றார் டிரைவர் குப்புராசு.
"இருக்கட்டுங்."
"அப்ப பின்னாலயே வரட்டுங்களா?"
"உங்க இஷ்டமுங்."

நான்காவது சுற்று முழுக்க
யானை என் குதிகாலை மோந்துகொண்டே வந்தது.
குளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது.
கரடிக்கு இப்போது தலை இருந்தது,
கை ஆட்டியது. எனக்கு ஆட்டத் தெம்பில்லை.

முடிவுக்கோட்டுக்கு வந்தபோது
ஊதிய வளைவில் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.
மண்டியிட்ட வளைவுக்குள் குனிந்து போனேன்.
ஒரு பையன் பதக்கத்தை நீட்டினான்:
"அவ்வளவுதாங்க்கா, முடிஞ்சுது."

போனைப் பார்த்தேன். இருபது புள்ளி எட்டு மூன்று.
"இன்னும் இருநூத்தி அறுபத்தேழு மீட்டர் இருக்குதே."
"போன் தப்பா காட்டும்க்கா."
காட்டலாம். என் இஞ்ச் டேப்பும்தான் வெயிலுக்கு நீளும்.
ஆனால் குட்டைத் துணிக்கு
நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

கேட்டைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்துக்குள் ஓடினேன்.
தாராபுரத்துப் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து
மிதவை டியூப் மாட்டிய பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
"டேய், யானை!"
பின்னால் மணி அடித்தது.
பூங்காவின் எல்லையைத் தாண்டக் கூடாது என்று
குப்புராசுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.
பிள்ளைகள் ரயிலைத் துரத்த, ரயில் என்னைத் துரத்த,
வேன்களைச் சுற்றி, எண்ணெய் வழிந்த சிமென்ட்டில்,
பஜ்ஜி வண்டி ஓரமாக ஒரு வளைவு

இருபத்தொன்று புள்ளி ஒன்று.

நின்றேன்.
பஜ்ஜிக்காரம்மா எதுவும் கேட்காமல் தண்ணீர் ஊற்றினார்.
டம்ளரை வாங்க இடது கையை நீட்டினேன்.
அரை இஞ்ச், அப்படியே.
கோகிலவாணி இறங்கட்டும்,
சொல்ல வேண்டும்.