விடாதே

மூர்மன்ஸ்கில் டிசம்பர் முழுக்கச் சூரியன் வராது.
ஆர்சேனிக்குத் துறைமுகத்தில் பகல்நேரக் கிரேன்,
எனக்கு ரொட்டி ஆலையில் இரவு.
பகல் என்பது எங்களுக்கு ஒரு ஷிஃப்டின் பெயர்,
ஜன்னலில் இரண்டுக்கும் ஒரே கறுப்பு.

காலை ஏழே காலுக்கு வாசலில் சந்திப்போம்.
அவன் காலணிக்குள் ஒரு கால்,
நான் காலணிக்கு வெளியே ஒரு கால்.
"சூப் இருக்கிறது."
"லிஃப்ட் ஓடவில்லை."
பன்னிரண்டு வருடக் குடித்தனம்
கதவு சாத்தும் சத்தத்தோடு அன்றைக்கு முடியும்.

சமையலறை ஜன்னலில் ஜேட் செடி.
பண மரம் என்பார்கள் இங்கே.
நட்டபோது வேருக்கடியில் ஐந்து ரூபிள் வைத்தேன்,
அந்த வாரமே ஃபிரிட்ஜ் பழுதானது.
பணம் வரவில்லை. இலை வந்தது,
குளித்து வந்த காதுமடல் மாதிரி
தடித்து, மினுங்கிக்கொண்டு.

ஜனவரி நாலாம் தேதி அது சாய்ந்தது.

முதலில் வெப்பக் குழாயைத் திட்டினேன்,
பிறகு கண்ணாடியின் குளிரை.
தண்டைத் தொட்டேன்: அவித்த கேரட்.
விரல் உள்ளே போயிற்று.
தொட்டியைக் கவிழ்த்தால் சதுப்பு நாற்றம்,
கறுத்த வேர், களிம்பேறிய நாணயம்.

துடைக்கக் குனிந்தபோதுதான் கண்டேன்,
ஜன்னல் விளிம்பில் நீர்க்கறை வட்டங்கள் இரண்டு.
ஒன்று என் பீங்கான் குவளையின் அடி.
மற்றது சிறியது,
அவனுடைய தேநீர்க் கிளாஸ்.

ஞாயிறுதோறும் நான் விட்டிருக்கிறேன்,
இவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று.
புதன்தோறும் அவன் விட்டிருக்கிறான்,
என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டோ.
வெயிலில்லாத மாதத்தில்
ஒரு மிடறு போதும் அதற்கு.
தென்னாப்பிரிக்கப் பாறைச் சரிவில் பிறந்த குலம்,
மழை மறந்துபோகும் காலத்துக்கென்று
இலைக்குள்ளேயே குடம் வைத்திருப்பது.
அதைப் போய்த் தாகமென்று நினைத்தோம்,
ஆளுக்கொரு கிழமையில்.

உச்சியில் ஒரு கிளை மட்டும் கெட்டி.
ரொட்டிக் கத்தியைக் கொதிநீரில் காட்டி அறுத்தேன்.
பழுப்பு.
இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் பழுப்பு.
இன்னும்.
பிறகு பச்சை.

ஃபிரிட்ஜின் தலையில் செய்தித்தாள் விரித்துப்
படுக்கவைத்தேன்.
வெட்டுவாய் காய்ந்து தோல் மூட வேண்டும்.
அதுவரை மண் கிடையாது, தண்ணீர் கிடையாது.
பரிதாபப்பட்டு ஒரு சொட்டு விட்டாலும்
மறுபடி அழுகும்.
கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன்:
"விடாதே. ரூஃபினா."

மறுநாள் காலை, கீழே அவன் கையெழுத்து:
"விடவில்லை."
"நானும் இல்லை."
"வெட்டுவாய் சுருங்குகிறது, சரிதானா?"
"சரிதான். விடாதே."
"விடவில்லை. உன் மணிக்கட்டு வலி?"
"தேவலை. மாவு பிசையும் இயந்திரம்தான் படுத்துவிட்டது."
"லிஃப்ட் ஓடுகிறது. காரணமில்லாமல்
ஒன்பதாம் மாடிவரை போய்வந்தேன்."
சீட்டு போதாமல் அதன் பின்பக்கம்,
பிறகு மின்கட்டண உறை.

பன்னிரண்டாம் நாள் மணல் கலந்த மண்ணில் நட்டேன்.
நாணயம் வைக்கவில்லை,
அது பேருந்துச் சில்லறையோடு போயிற்று.
பெரிய தொட்டி, ஒரு கிளை, ஆறு இலை,
அதிலும் ஒன்று சுருக்கம் விழுந்தது.
எதிர்க் குன்றின்மேல் என்னவோ சிவந்தது
கால்மணி நேரம்,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போனது.

இன்று காலை, உறையின் ஓரத்தில்,
எழுத இடமே இல்லாத இடத்தில்:

"விடவில்லை.
சும்மா நின்று பார்த்தேன்."