இருபது வளைவு, ஒரு கை

கணினி அடிப்படை, முதல் பருவம், தாள் நான்கு.
பி.காம்.காரிக்கு இது எதற்கு என்று கேட்டால்
பாடத்திட்டம் என்பார்கள்.
ஆய்வகத்தில் இருபத்து மூன்று கணினி,
ஓடுவது பதினெட்டு,
நாங்கள் நாற்பத்தொரு பேர்.

எனக்கும் மிஸ்பாவுக்கும் பதினோராம் எண்.
அவள் இடக்கைக்காரி.
வலப்பக்கம் அவள், இடப்பக்கம் நான்,
நடுவில் ஒரே மவுஸ்.
மற்ற மேசைகளில் நடந்த சண்டை
எங்கள் மேசையில் நடக்கவில்லை.

மின்சாரம் போனால் மறந்துவிடுவது ரேம்,
போனாலும் மறக்காதது ரோம்.
மிஸ்பா நோட்டில் எழுதாமல் என் காதில் சொன்னாள்:
"பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி
நம்ம மண்டை ரேம்டி."
அன்றைக்கே மின்சாரம் போனது.
யூ.பி.எஸ். கோழிக்குஞ்சு மாதிரி கத்தியது.
சேமிக்காத சம்பளப் பட்டியலோடு
பதினோராம் எண் இருண்டது.

அப்புறம் இரும எண்.
ஒன்றும் பூஜ்யமும் போதுமாம், உலகத்தையே எழுத.
வகுப்பு நம்பவில்லை.
நானும் நம்பவில்லை, சாயங்கால ஏற்காடு பஸ் ஏறும்வரை.

கட்டைவிரல் ஒன்று, ஆள்காட்டி இரண்டு,
நடுவிரல் நான்கு, மோதிரவிரல் எட்டு,
சுண்டுவிரல் பதினாறு.
நிமிர்ந்தால் ஒன்று, மடங்கினால் பூஜ்யம்.
அடிவாரத்தில் மூடிய கை.
முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கட்டைவிரல்.
மூன்றுவரை ஒழுங்காகப் போனது.
நான்காவதில் நடுவிரல் மட்டும் தனியே நின்றது,
எதிர் சீட்டில் மிளகு மூட்டைக்காரர்
என்னை முறைத்துப் பார்த்தார்.
ஆறாவதில் இரண்டு விரல்,
"எந்தக் கட்சிம்மா?" என்றது ஒரு குரல்.
எட்டில் மோதிரவிரல் தனியாக நிமிர மறுத்தது;
இன்னொரு கையால் தூக்கிவிட்டேன்.
பதினைந்தில் நான்கும் நிமிர்ந்து,
பதினாறில் நான்கும் மடங்கி,
சுண்டுவிரல் மட்டும்.
கண்டக்டர் குனிந்து கேட்டார்:
"அவசரமா? வண்டிய நிறுத்தச் சொல்லட்டா?"

இல்லைங்க, படிக்கிறேன் என்றேன்.
அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அரையாண்டில் அதே எண் வந்தது:
இருபதை இரும எண்ணாக மாற்றுக, ஐந்து மதிப்பெண்.
எனக்குப் பனியும் பிரேக் வாசனையும் வந்தன.
சுண்டுவிரலும் நடுவிரலும்:
ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.
எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.
இரண்டு மதிப்பெண் வந்தது.
ஓரத்தில் சிவப்பு மை: வழிமுறை எங்கே?

மிஸ்பாவுக்கு ஐந்துக்கு ஐந்து.
இரண்டால் வகுத்து, மீதி எழுதி,
மறுபடி வகுத்து, மீதியைக் கீழிருந்து மேலாகப் படித்திருந்தாள்.
"நானும் கீழிருந்து மேலாத்தான் போனேன்" என்றேன்.
"நீ பஸ்ல போன" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவளும் வந்தாள்,
கிச்சிப்பாளையத்திலிருந்து தூக்குவாளியில் பிரியாணியோடு.
மலைக்கு அதுவே முதல் தடவை.
சன்னலோரம் அவள், அவள் இடப்பக்கம் நான்.
அவளுக்கு இடக்கை, எனக்கு வலக்கை.
நான்காவது வளைவில் இரண்டு நடுவிரல்கள் எழுந்தன,
பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த காருக்கு
அது பொருத்தமாகவே இருந்தது.

பத்துக்கு மேல் போனில் சிக்னல் இல்லை.
இருட்டிக்கொண்டு வந்தது.
கீழே சேலம் விளக்கு விளக்காகப் பற்றிக்கொண்டது,
ஒன்று, பூஜ்யம் என்று சொல்ல நினைத்தேன்,
சொல்லவில்லை; அவள் நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது.
"எங்க தெரு எதுடி?"
எனக்குத் தெரியவில்லை.
ஜங்ஷன் மட்டும் காட்டினேன், அதுவும் உத்தேசமாக.

கடைசிப் பலகை தாண்டியதும்
கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
எனக்குச் சுண்டுவிரலும் நடுவிரலும்.
அவளுக்குச் சுண்டுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல்: பத்தொன்பது.
விளக்கு தேடியபோது ஒரு வளைவு நழுவியிருக்கிறது.
விட்டது ஒன்று,
மாறிக் கிடந்தது மூன்று விரல்.

"உன்னுதுதான் தப்பு" என்றாள்.
"பலகைய பாத்தேன்டி."
"வழிமுறை எங்கே?"

"ஏரி ஸ்டாப் எறங்குங்க" என்றார் கண்டக்டர்.
தூக்குவாளியை எடுக்க
இரண்டு கையும் மடங்கின.